கர்ப்பப்பை எடுத்து அஞ்சு வாரம், தையல் ஆறிடுச்சு ஆனா அழுகை நிக்கல: ஒரு தங்கச்சிக்கு என் பதில்

தங்கச்சி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். 43 வயசு, கோலாலம்பூர் செந்தூல்ல வீடு, ரெண்டு பிள்ளைங்க, கர்ப்பப்பைல வளர்ற ஃபைப்ராய்டு கட்டியால பல வருஷமா இரத்தப்போக்கு, கடைசில வயித்த கிழிச்சு கர்ப்பப்பைய எடுத்து இப்ப அஞ்சு வாரம். தையல் நல்லா ஆறிடுச்சுனு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ராத்திரில நைட்டி நனையுற அளவுக்கு வேர்க்குது, காரணமே இல்லாம அழுகை வருது, வீட்டுக்காரர் பக்கத்துல படுக்கவே தயங்குறாரு, மாமியார் "உள்ள காலியாயிடுச்சு, இனிமே ஒடம்பு தாங்காது"னு சொல்லி ஜாமு, அந்த மலாய் மூலிகை மருந்து, வாங்கி வெச்சிருக்காங்க, ஆபீஸ்ல எம்சி, அதாவது மெடிக்கல் லீவு, முடிஞ்சு போச்சுங்கறாங்க, தைப்பூசத்துக்கு பால்குடம் நேர்ந்திருக்கீங்க. இதெல்லாம் நார்மலா, எப்ப சரியாகும்னு கேட்டிருக்கீங்க.

நான் கேஎல்ல பொம்பளைங்க வைத்தியம் பாக்கற கைனி வார்டுல ரொம்ப வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, டாக்டர் இல்ல, அதனால மருந்து எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு நல்லாத் தெரியும். நம்ம பொம்பளைங்க இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற எல்லாத்தையும் "கர்ப்பப்பை எடுத்ததால"னு ஒரே மூட்டையா கட்டி ஓரமா வெச்சிடுறாங்க. வேர்வைக்கு ஒரு காரணம் இருக்கும், சோர்வுக்கு இன்னொண்ணு, அழுகைக்கு வேறொண்ணு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. மூட்டைய பிரிச்சாத்தான் எதுக்கு என்ன பண்றதுனு தெரியும்.

மொதல்ல டிஸ்சார்ஜ் பேப்பர எடுங்க. உங்களுக்கு ஓவரி, அதாவது சினைப்பை, எடுத்தாங்களா விட்டுட்டாங்களானு நீங்க எழுதவே இல்ல, அநேகமா உங்களுக்கே தெரியாதுனு நெனைக்கிறேன். நான் பாத்த பொம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு மேல அப்படித்தான், "எல்லாம் எடுத்துட்டாங்க மிஸ்ஸி"ம்பாங்க, அந்த எல்லாம்ங்கறது என்னன்னு கேட்டா முழிப்பாங்க. பேப்பர்ல டிஏஎச் பிஎஸ்ஓனு இருந்தா கர்ப்பப்பையோட ரெண்டு ஓவரியும் ரெண்டு ட்யூபும் எடுத்தாச்சு. வெறும் பிஎஸ்னு இருந்தா ட்யூப் மட்டும்தான் போயிருக்கு, ஓவரி இருக்கு. புரியலனா ஃபாலோ அப்ல கூச்சப்படாம கேளுங்க, அதோட எடுத்த கர்ப்பப்பைய லேப்ல பரிசோதிச்ச ரிப்போர்ட் வந்துடுச்சானும் கேட்டு ஒரு காப்பி வாங்கி வீட்டுல பத்திரமா வைங்க. அத வாங்காமலே விட்டுடறவங்கதான் அதிகம்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா ஈஸ்ட்ரோஜென்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் வர்றது ஓவரில இருந்து, கர்ப்பப்பைல இருந்து இல்ல. ஓவரி இருந்தா மாசாமாசம் வர்றது மட்டும்தான் நிக்கும், ஹார்மோன் சுரந்துக்கிட்டுதான் இருக்கும். ஆபரேஷனால ஓவரிக்குப் போற இரத்தம் கொஞ்ச நாள் கொறையலாம், அதனால சில பேருக்கு வேர்வையும் படபடப்பும் வந்துட்டுப் போயிடும், சில பேருக்கு ஓவரி வழக்கத்த விட ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே ஓஞ்சிடும். பீரியட் இல்லாததால மெனோபாஸ் வந்ததே தெரியாம போயிடும், அதனால ஒடம்பு காட்டுற அடையாளத்தத்தான் பாக்கணும். ரெண்டு ஓவரியும் எடுத்திருந்தா கதை வேற. இயற்கையா மெதுவா வர வேண்டியது ஒரே நாள்ல வந்து நிக்குது. சில நாள்லயே திடீர்னு மூஞ்சியெல்லாம் சூடாகி வேர்த்துக் கொட்டும், தூக்கம் கெடும், மூட்டு வலிக்கும், மறதி வரும், எரிச்சல் வரும், கீழ காஞ்சு போகும். நீங்க சொல்ற ராத்திரி வேர்வை இதுவா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வேர்க்கறப்ப டெம்பரேச்சர் பாருங்க, 38க்கு மேல போனா அது ஹார்மோன் இல்ல, உள்ள கிருமி இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

ஓவரி எடுத்திருந்தா எச்ஆர்டி, அதாவது கொறைஞ்ச ஹார்மோன மருந்தா குடுக்கற முறை, அத பத்தி நீங்களே வாயத் தொறந்து கேளுங்க. 45 வயசுக்குள்ள ரெண்டும் போனவங்களுக்கு, மார்புப் புத்துநோய் மாதிரி தடை எதுவும் இல்லைனா, இயற்கையா மெனோபாஸ் வர்ற 50, 51 வயசு வரைக்கும் ஈஸ்ட்ரோஜென் குடுக்கறதுதான் பொதுவா சொல்ற முறை. வேர்வைக்கு மட்டும் இல்ல, எலும்புக்கும் இருதயத்துக்கும் சேர்த்துதான். "ஐயோ அது கேன்சர் வரும்"னு ஒடனே யாராவது சொல்லுவாங்க. அந்த பயம் 2002ல அமெரிக்கால பாதில நிறுத்துன ஒரு பெரிய ஆய்வுல இருந்து வந்தது. அதுல கர்ப்பப்பை உள்ளவங்க, சராசரி வயசு 63, ரெண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை சாப்பிட்டாங்க. கர்ப்பப்பை இல்லாதவங்களுக்கு வெறும் ஈஸ்ட்ரோஜென் குடுத்த பகுதி தனியா நடந்துச்சு, அதையும் 2004ல நிறுத்துனாங்க, பக்கவாதம் கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சதால. ஆனா அந்தப் பகுதில மார்புப் புத்துநோய் கூடல. உங்களுக்கு கர்ப்பப்பை இல்லாததால பொதுவா ரெண்டாவது ஹார்மோனே தேவைப்படாது, எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்ற நோய், இருந்தவங்களுக்கு மட்டும் டாக்டர் யோசிப்பாரு. இரத்தம் உறையற பயம் உள்ளவங்களுக்கு மாத்திரைக்குப் பதிலா தோல்ல ஒட்டற பேட்ச், தடவற ஜெல் இருக்கு. வேண்டாம்னு முடிவு பண்றது உங்க உரிமை, ஆனா பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுக்காக முடிவு பண்ணாதீங்க. தௌஃபூவும் (சோயாக் கட்டி) சோயாப்பாலும் நல்ல சாப்பாடுதான், ஈஸ்ட்ரோஜெனுக்கு ஈடாகாது.

சோர்வுக்கு வர்றேன். பல வருஷம் இரத்தம் போயிருக்கு, ஹீமோகுளோபின் எவ்ளோனு யாராவது பாத்தாங்களா? பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனா இரத்தசோகை. மாடி ஏறுனா மூச்சு வாங்குது, எதப் பாத்தாலும் வெறுப்பா இருக்கு, தலை சுத்துதுனு வர்றவங்கள்ல நெறைய பேருக்கு மனசுல ஒண்ணும் இல்ல, இரத்தத்துலதான் கொறை. இரும்புச்சத்து மாத்திரைய ஒரு மாசத்துல நிறுத்திடாதீங்க, நம்பர் சரியான பிறகும் மூணு மாசம் போல தொடரணும், இல்லைனா சேமிப்புல ஒண்ணும் நிக்காது. சாப்பாட்டோட தே தாரேக், அந்த பால் தேத்தண்ணி, குடிக்கற பழக்கத்த மட்டும் தயவு செஞ்சு விடுங்க, தேத்தண்ணி இரும்ப உறிஞ்ச விடாது, ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி குடிங்க. மாத்திரையோட கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டா நல்லது. மலம் கருப்பா போகும், பயப்பட வேண்டாம். அப்படியே தைராய்டும் இனிப்பும் பாத்துடுங்க. இந்த நாட்டுல சர்க்கரை வியாதி நம்ம இந்தியர்கள்கிட்டதான் அதிகம், சர்க்கரை ஏறி இருந்தா உள்காயம் லேசுல ஆறாது. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளி குடுத்தா பதிஞ்சுக்குவாங்க, காசு ஒரு காரணமே இல்ல.

இனி அழுகை. வேர்வையையும் இரத்தத்தையும் சரி பண்ணுனா அழுகைல ஒரு பங்கு தானா கொறையும், ஏன்னா மூணு மணிக்கு முழிச்சு நைட்டி மாத்திட்டு விடியற வரைக்கும் சீலிங்க பாத்துட்டு கெடக்கறவ யாரா இருந்தாலும் அழுவா. ஆனா மிச்சம் ஒரு பங்கு இருக்கு, அத மாத்திரையால மட்டும் தீர்க்க முடியாது. விசிட்டிங் நேரம் முடிஞ்சு, சொந்தக்காரங்க டிஃபன் கேரியர தூக்கிட்டு கெளம்புன பிறகு, நான் பிரஷர் பாக்கப் போறப்ப திரைய இழுத்து விடச் சொல்லுவாங்க. அப்பதான் கேப்பாங்க, "மிஸ்ஸி, நான் இன்னும் பொம்பளைதானே?" மூணு பிள்ள பெத்தவங்க கேட்டிருக்காங்க, பேரப்பிள்ள எடுத்தவங்க கேட்டிருக்காங்க. இனி பிள்ள வேணாம்னு நீங்களே முடிவு பண்ணி இருந்தாலும், அந்த வாசல அடைச்சாச்சுங்கறது வேற விஷயம். நம்ம ஊட்டுல வயசுக்கு வந்ததுக்கு சடங்கு பண்ணி, வளைகாப்பு பண்ணி, பொம்பளைங்கறதையே கர்ப்பப்பையோட சேர்த்து கட்டி வெச்சிருக்கோம். அத எடுத்தா துக்கம் வரத்தான் செய்யும், அது பலவீனம் இல்ல. இன்னொரு பக்கம், அப்பாடா பேட் மாத்தற தொல்லை விட்டுதுனு நிம்மதியும் வரும், அது வந்ததுக்கு ஒரு குத்த உணர்ச்சியும் வரும். ரெண்டும் ஒரே நாள்ல வரலாம். நீங்க இன்னும் பொம்பளைதான் தங்கச்சி, அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல.

ஆறுதலா ஒண்ணு சொல்றேன், அதிக இரத்தப்போக்குக்காக இத செஞ்சுகிட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மாசங்கள் போகப் போக மனசும் ஒடம்பும் முன்ன இருந்தத விட நல்லாதான் ஆகுது. ஆனா ஏற்கனவே மனச்சோர்வு இருந்தவங்க, பிள்ள பெறாத சின்ன வயசுக்காரங்க, கேன்சருக்காக எடுத்தவங்க, இவங்கள கொஞ்சம் கூடுதலாவே கவனிக்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் பெரும்பாலான நேரம் மனசு கனத்துப் போயி, பிடிச்ச சீரியல் கூட பாக்கப் பிடிக்கல, சாப்பாடு எறங்கல, நான் யாருக்கும் பிரயோஜனம் இல்லங்கற நெனப்பு வருதுனா அது துக்கத்த தாண்டிடுச்சு. டாக்டர்கிட்ட அத அப்படியே சொல்லுங்க, அவர் கவுன்சிலிங்குக்கோ மனநல டாக்டர்கிட்டயோ அனுப்புவாரு. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555 இருக்கு, பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929 ராப்பகலா இருக்கு. செத்துடலாம்னு தோணுனா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே போன் பண்ணுங்க, இல்ல எமர்ஜென்சிக்குப் போங்க.

மாமியார் சொல்ற காலி விஷயம். உள்ள எந்த பள்ளமும் இருக்காது, குடல் எறங்கி அந்த எடத்துல வந்து உக்காந்துக்கும், அவ்ளோதான். அவங்க பயந்து போயி, தெரிஞ்ச விதத்துல உங்கள பாத்துக்கறாங்க, அத நான் மதிக்கிறேன். பூண்டு ரசம், மிளகு, விரால் மீன் சூப்பு, நம்ம ஊர்ல ஹருவான்னு சொல்றது, தாராளமா குடிங்க, புரதம் காயத்துக்கு நல்லது. ஆனா தண்ணி கொறைச்சு குடி, பழம் குளிர்ச்சி, காய்கறி வாயுனு சொன்னா மட்டும் கேக்காதீங்க. மலச்சிக்கல் வந்து முக்குனா உள்தையலுக்கு ஆகாது, இரும்பு மாத்திரை வேற இறுக்கும், அதனால பப்பாளி, தண்ணி, தேவைனா டாக்டர் குடுக்கற மலமிளக்கி. வயித்துக்கு மெத்துனு ஒரு பெல்ட் போடறது பரவால்ல, பெங்கோங்னு மலாய்க்காரங்க துணிய சுத்தற மாதிரி இறுக்கிச் சுத்தறதும் வயித்துல உருட், அதாவது மசாஜ், பண்றதும் டாக்டர் சரினு சொல்ற வரைக்கும் வேணாம். ஜாமு பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, எம்ஏஎல்னு ஆரம்பிக்கற அரசாங்க பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லைனா வாய்லயே வைக்காதீங்க. சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்குனு அரசாங்கமே எச்சரிக்கை விட்டிருக்கு. நம்பர் இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிட்டுதான். கீழ உள்ள வைக்கற மஞ்சகானி (மாசிக்காய்) மாதிரி சாமான் எதுவுமே கூடாது, அங்க தையல் இருக்கு.

வெளித்தையல் ஆறிடுச்சுனா உள்ளயும் ஆறிடுச்சுனு நெனைக்கறதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்திருந்தா பிறப்புறுப்போட மேல்முனைய தெச்சு மூடியிருப்பாங்க, அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆறு வாரம் வரைக்கும், முடிஞ்சா எட்டு வாரம், கனமா எதையும் தூக்காதீங்க. தண்ணி நெறஞ்ச கெட்டில் ஒண்ணு சரி. 14 கிலோ தோங் கேஸ் (கேஸ் சிலிண்டர்), அரிசி மூட்டை, ஈரத்துணி பக்கெட்டு, அக்கா பிள்ள, எதுவும் கூடாது. படுக்கைல இருந்து நேரா எந்திரிக்காதீங்க. மொதல்ல முட்டிய மடக்கி, ஒடம்பையும் முட்டியையும் சேர்த்து பக்கவாட்டுல திரும்பி, கால கட்டில விட்டு கீழ போட்டுகிட்டே முழங்கையால மெத்தைய அழுத்தி எந்திரிங்க. இருமல் தும்மல் வந்தா ஒரு தலகாணிய வயித்தோட அணைச்சுக்கோங்க. தெனம் கொஞ்சம் நடங்க, வீட்டுக்குள்ளயோ ஃப்ளாட் காரிடார்லயோ, படுத்தே கெடந்தா கால்ல இரத்தம் கட்டும். மூத்திரத்த அடக்கற தசைய இறுக்கி விடற பயிற்சி மெதுவா ஆரம்பிங்க, பின்னால மூத்திரம் சொட்டாம இருக்க அதுதான் காப்பு. கொஞ்சம் பழுப்பா, லேசா சிவப்பா கசியறது ஆறு வாரம் போல இருக்கலாம். ஆனா ஒரு மணி நேரத்துல ஒரு பேட் நனையுற மாதிரி போறது, நாத்தமடிக்கற கசிவு, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கறது, திடீர்னு மூச்சுத் திணறல், மூத்திரம் போக முடியாம இருக்கறது இல்ல நிக்காம கசிஞ்சுகிட்டே இருக்கறது, கீழ ஏதோ பிதுங்கி வர்ற மாதிரி இருக்கறது, இதுல எது வந்தாலும் கூகுள் பாக்காம நேரா எமர்ஜென்சி.

வீட்டுக்காரர் விஷயத்துல ஆம்பளைங்ககிட்ட யாரும் ஒண்ணும் வெளக்கறதே இல்ல, இது எனக்கு நெஞ்சுல இருக்கற வருத்தம். வெளிய பெஞ்சுல உக்கார வெச்சிட்டு, முடிஞ்சு போச்சு பில்ல கட்டுங்கனு சொல்லி அனுப்பிடுறாங்க. அவர் உங்கள வெறுக்கறதா எனக்குத் தோணல, தொட்டா வலிக்கும்னு பயப்படுறாரு. அடுத்த அப்பாயின்மென்டுக்கு அவரையும் உள்ள கூட்டிட்டுப் போங்க. ஆறுலேந்து எட்டு வாரம் கழிச்சு, டாக்டர் உள்ள பாத்து சரினு சொன்ன பிறகு சேரலாம். அவசரம் இல்ல, அதுவரைக்கும் கைய புடிச்சுகிட்டு பக்கத்துல படுக்கறதுக்கு யார் அனுமதியும் வேணாம், அத நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. கீழ காஞ்சு வறண்டு இருந்தா வாட்சன்ஸ், கார்டியன்ல தண்ணிப் பதமான ஜெல் கெடைக்கும், அது போதலனா டாக்டர்கிட்ட உள்ள வைக்கற ஈஸ்ட்ரோஜென் க்ரீம் கேளுங்க. இரத்தமும் வலியும் ஓஞ்சதால முன்ன விட நல்லா இருக்குனு சொல்றவங்க நெறைய பேர். உணர்ச்சி கொஞ்சம் மாறி இருக்குனு சிலர் சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான், மறைக்க மாட்டேன்.

பாப் ஸ்மியர், கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்கு பாக்கற பரிசோதனை, இனி வேணுமானு கேட்டா, கர்ப்பப்பை வாயும் சேர்ந்து போயிருந்து, முன்ன கேன்சருக்கு முந்தின மாற்றம் எதுவும் இல்லைனா பொதுவா வேண்டாம். அந்த வாய எடுக்காம விட்டு வெச்சிருந்தா எப்பவும் போல பண்ணணும். அதுக்கும் அந்த பேப்பர்தான் பதில் சொல்லும்.

வேலை. 14 நாளோட எம்சி முடிஞ்சுதுனு ஆபீஸ்ல சொன்னத ஒத்துக்காதீங்க. வேலைச் சட்டம் 1955ல சாதாரண எம்சி சர்வீஸ பொறுத்து 14, 18, 22 நாள். ஆஸ்பத்திரி சேர்க்கைக்கான லீவு வருஷத்துக்கு 60 நாள், 2023 ஜனவரில இருந்து அது அந்த சாதாரண எம்சி நாளோட சேராம தனி கணக்கு. ஆஸ்பத்திரில படுக்கற அளவுக்கு முடியலனு டாக்டர் எழுதிக் குடுத்தா, வீட்டுல இருந்தாலும் அது அந்த 60ல வரும். சம்பளத்தோட லீவு. டாக்டர்கிட்ட அந்த மாதிரி தெளிவா எழுதி வாங்குங்க, அப்பவும் முடியாதுனா ஜாபாத்தான் தெனாகா கெர்ஜால, அதாவது தொழிலாளர் இலாகால, போயி கேளுங்க. வயித்த கிழிச்ச ஆபரேஷனுக்கு ஆறுலேந்து எட்டு வாரம் ஓய்வுங்கறது சலுகை இல்ல. சின்ன ஓட்டை போட்டு லாப்பரோஸ்கோப்ல பண்ணுனவங்க கொஞ்சம் சீக்கிரமே எந்திரிச்சு ஓடுவாங்க, அவங்களோட உங்கள ஒப்பிடாதீங்க. கார் ஓட்டறது, சடன் ப்ரேக் போட்டா வயித்துல வலி இல்லனு ஆன பிறகு.

பால்குடம். தைப்பூசத்துக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்குனு சொல்லியிருக்கீங்க, அப்ப உங்களுக்கு மூணு மாசம் தாண்டியிருக்கும். ஆறாவது வாரம் டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, பத்துமலைல 272 படி, தலைல குடம், வெயில்ல நெரிசல்ல மணிக்கணக்கா நிக்கணும்னு விவரமா சொல்லி கேளுங்க, சும்மா கோயிலுக்குப் போலாமானு கேட்டா போங்கனுதான் சொல்லுவாரு. அவர் சரினு சொன்னா சின்ன குடமா எடுங்க, இப்ப இருந்தே தெனம் நடந்து பழகுங்க, விரதத்துல பருப்பு, தயிர், கீரை கொறையாம சாப்பிடுங்க, இரும்பு மாத்திரைய விரதம்னு நிறுத்தாதீங்க. ஹீமோகுளோபின் 12க்கு கீழயே இருந்தா இந்த வருஷம் ஆத்தங்கரைல இருந்து அடிவாரம் வரைக்கும் நீங்க நடங்க, குடத்த வீட்டுக்காரரோ மூத்த பிள்ளையோ தூக்கட்டும், உங்க நேர்த்திய அடுத்த வருஷம் முடிச்சுக்கலாம். முருகன் காத்திருப்பாரு.